எங்கள் சங்கத்துச் சுற்றுலாக் குழுவுக்கு: அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

அன்புள்ள சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். வரும் கோடைச் சுற்றுலாவுக்கு இடம் சொல்லுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். அங்கே நான் ஒரு வரி எழுதினால், அடுத்த ஐந்து நிமிடத்தில் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்து அதை மூடிவிடும். அதனால்தான் மடலாகவே எழுதுகிறேன். யாரையும் குறை சொல்ல இல்லை. சரி, கொஞ்சம் குறையும் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிற வட டெவனுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? காலை ஐந்தரைக்குப் பேருந்து கிளம்பியது. ஒரே நாளில் நான்கு இடம் என்று பட்டியல். அதில் இரண்டாவது, லிண்டன் ஊருக்கு மேற்கே இருக்கிற 'வேலி ஆஃப் ராக்ஸ்', அதாவது பாறைப் பள்ளத்தாக்கு. பேருந்துக்குள் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது, பின் இருக்கையிலிருந்து ஒருவர் "என்ன வேலி?" என்று கேட்டுச் சிரிப்பு மூட்டினார். நாற்பது நிமிடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அறிவிப்பு. அதில் பதினைந்து நிமிடம் இறங்கி, வரிசையில் நின்று கழிப்பறை போய்வருவதிலேயே கரைந்தது. மிச்ச நேரத்தில் கார்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி நின்று படம் எடுத்தோம். ஒரு வெள்ளாடு வந்தது. அதையும் படம் எடுத்தோம். ஏறிவிட்டோம்.

என் பக்கத்து இருக்கையில் எழுபத்தோரு வயது மாமி ஒருவர். முட்டி வலி, அதனால் இறங்கவே இல்லை. பேருந்து கிளம்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கடற்கரைப் பள்ளத்தாக்கு என்று சொன்னார்களே, கடல் எங்கேயப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் கடலைப் பார்க்கவில்லை. நாற்பது பேரில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்ததால், செப்டம்பர் நடுவில் நானும் என் மனைவியும் மகனுமாகத் திரும்பப் போனோம். லிண்டனிலேயே இரண்டு இரவு தங்கினோம். போய்ப் பார்த்த பிறகுதான், நாற்பது நிமிடத்தில் நாம் எதைத் தவறவிட்டோம் என்று புரிந்தது. அந்தப் பட்டியலுக்குக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கிளறி எடுக்க வேண்டாம்.

கடல் எங்கே என்றால், அந்தப் பாறைத் தொடருக்குப் பின்னால். பள்ளத்தாக்கு என்றால் மலையில் தொடங்கிக் கடலில் போய் முடியும் என்றுதானே நினைப்போம். இது அப்படி இல்லை. கடலுக்குப் பக்கவாட்டில், கரையோடு கரையாக ஓடுகிறது. இடையில் ஒரு பாறை முதுகு மட்டும் சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் புல்வெளி, கார் நிறுத்தம், ஒரு கிரிக்கெட் மைதானம்கூட இருக்கிறது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நூறு மீட்டருக்கும் மேல் ஒரே இறக்கம், அடியில் தண்ணீர். நாம் சுவரின் இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இன்னொரு விந்தை, அந்தப் பள்ளத்தாக்கில் ஆறே இல்லை. அதை அறுத்த தண்ணீர் எங்கே போயிற்று என்று நிலவியல்காரர்கள் வெகுகாலமாக வாதாடியிருக்கிறார்கள். லின் ஆறு ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் மேற்கே ஓடியது, கடல் கரையை அரித்து அரித்து உள்ளே வந்து, ஆற்றின் விலாவை உடைத்துவிட்டது, ஆறும் குறுக்கு வழியில், லிண்டனுக்குக் கீழே இருக்கிற லின்மவுத் ஊரில் கடலில் விழுந்துவிட்டது என்பது ஒரு கட்சி. பனியுகத்துப் பனிப்பாளம் ஆற்றின் வழியை அடைத்து, உருகிய நீர் இப்படி ஓடியது என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கதைதான் பிடித்திருக்கிறது. கடல் திருடிய ஆறு என்று மகனுக்குச் சொல்வதற்கு வசதி.

பாறைகளின் வயது சுமார் 40 கோடி ஆண்டு. வட டெவனில் இதைவிடப் பழைய பாறை கிடையாது என்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் 'டெவோனியன் காலம்' என்று படிக்கிறோமே, உலகம் முழுக்க வழங்கும் அந்தப் பெயரே இந்த டெவன் மாவட்டத்திலிருந்து எடுத்ததுதான். பாறைகள் இப்படிக் கோட்டை மாதிரியும் அடுக்கிவைத்த தட்டு மாதிரியும் துண்டு துண்டாக நிற்பதற்குக் காரணம் குளிர். பனியுகத்தில் விரிசலுக்குள் போன தண்ணீர் உறைந்து விரிந்து, உருகி, மறுபடி உறைந்து, பாறையை ஆப்பு வைத்துப் பிளந்த மாதிரி பிளந்துவிட்டது. சரிவெல்லாம் கொட்டிக் கிடக்கிற கல் அப்படி உதிர்ந்ததுதான். ஊர்க்காரர்கள் சொல்கிற கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போட்ட ஜாக் என்பவனையும் கூட்டாளிகளையும் சாத்தான் கல்லாக்கிவிட்டானாம். அந்தப் பாறைக்குப் பெயர் 'ரேகட் ஜாக்'. கல்லாகச் சபிக்கிற கதை நமக்குப் புதிதில்லை, எடுத்துவிட நம்மிடமும் நூறு உண்டு. பேருந்தில் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் பாட்டுப் போடுவதற்குப் பதிலாக, யாராவது ஒருவர் இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அப்புறம் நடைபாதை. இதுதான் முக்கியம். லிண்டன் ஊருக்குள்ளிருந்து 'நார்த் வாக்' என்று ஒரு பாதை கிளம்புகிறது. 1817-இல் குன்றின் விலாவில் வெட்டியது. சுமார் ஒரு மைல் நடந்தால் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில், 'காசில் ராக்' என்கிற பெரிய பாறையின் அடியில் கொண்டுபோய் விடும். நாம் பேருந்தில் வந்து இறங்கிய இடத்துக்கு இதுதான் சரியான வாசல். நாம் கொல்லைப்புறமாக நுழைந்திருக்கிறோம்.

பாதை அகலம் இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கிற அளவு. பெரும்பாலும் சமதளம், தார் போட்டது. இடது பக்கம் பாறையும் பெரணிப் புதரும். வலது பக்கம் எதுவுமே இல்லை, கீழே கடல். பெரும்பாலான இடத்தில் கைப்பிடிக் கம்பிகூடக் கிடையாது. வேலியே இல்லாத 'வேலி' என்று அந்தப் பின் இருக்கை அண்ணனுக்கு இப்போது பதில் சொல்லலாம். தென்மேற்குக் கடற்கரைப் பாதை, மைன்ஹெட்டிலிருந்து பூல் வரை 630 மைல் போகிறதே, அதன் ஒரு துண்டுதான் இதுவும். வழிகாட்டிக் கம்பங்களில் ஓக் மரத்துக் கொட்டை படம் போட்டிருக்கும், அதைப் பார்த்து நடந்தால் வழி தவறாது.

நாங்கள் போன அன்று காலையில் கடல்மேல் மூட்டம். ஒன்பதரைக்கு மேல் அது கலைய ஆரம்பித்தபோது, முதலில் தண்ணீர் தெரிந்தது, பிறகு எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அது வேல்ஸ். வளைவு திரும்பினால் பாதையின் நடுவில் ஒரு கிடா நிற்கிறது. கொம்பு பின்னால் வளைந்து, குறுக்கே வரிவரியாக மேடு. தாடி ஈரமாக இருந்தது. கிட்ட நெருங்கும் முன்பே வாடை வந்துவிட்டது. எங்களைப் பார்த்தது, நாங்கள் ஒதுங்குவோம் என்று காத்திருந்தது. ஒதுங்கினோம். அது மெதுவாகத் திரும்பி, கால் வைக்க இடமே இல்லை என்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஒரு சரிவில் இறங்கிப் போயிற்று. அதன் குளம்பு பட்டு ஒரு கல் உருண்டது. தட், தட், தட் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு சத்தம் நின்றுவிட்டது. மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விளிம்புக்குப் போகாதே என்று நான் அவனுக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆடுகள் யாருடைய பட்டியையும் சேர்ந்தவை இல்லை, காட்டாடுகளாகவே திரிகின்றன. போன முறை நம் பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார்கள், பெரியவர்கள் நாமும் சிரித்துக்கொண்டு படம் எடுத்தோம். அது தப்பு. மனிதரிடம் தீனி கிடைக்கும் என்று பழகிய ஆடு ஊருக்குள் இறங்கும், தோட்டத்தில் வாய் வைக்கும். லிண்டன்காரர்களுக்கும் ஆடுகளுக்கும் இந்தத் தகராறு ஏற்கெனவே உண்டு. அதில் நாம் வேறு போய் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

காசில் ராக்கின் உச்சிக்கு ஏறலாம். படி மாதிரி வெட்டியிருக்கிறது, ஆனால் செங்குத்து. மேலே காற்று ஆளைத் தள்ளும். என் மனைவி ஏறினாள், நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. ஒரு பக்கம் புல்வெளி, நடுவில் பாறை முதுகு, மறு பக்கம் கடல். அங்கே உட்கார்ந்தபோதுதான் மாமியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

அங்கே வந்துபோன பெரியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வழக்குக்கு அவர்கள் சாட்சி. 1797-இல் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் இந்தப் பள்ளத்தாக்குக்கு நடந்தே வந்தார்கள். அடுத்த ஆண்டு ஹாஸ்லிட் என்ற கட்டுரையாளர் கோல்ரிட்ஜோடு மறுபடி வந்தார். சத்திரத்தில் இருந்தபோது இடி இடித்தது. பாறைகளுக்கு நடுவே புயலைப் பார்த்துவிட வேண்டும் என்று கோல்ரிட்ஜ் தொப்பிகூட இல்லாமல் வெளியே ஓடினாராம். மேகம் கொஞ்சம் உறுமிவிட்டு, நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது. நம்மிடம் நாற்பது நிமிடம் கொடுத்த மாதிரி அவரிடம் கொடுத்திருந்தால் அந்த நாலு தூறலும் கிடைத்திருக்காது.

சரி, இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்த முறை ஒரே இடம், ஒரு முழு நாள். காலை பத்தரைக்கு லிண்டனில் இறங்கி, மாலை ஐந்துக்கு ஏறுவது. நான்கு இடம் போட்டால்தான் கொடுத்த காசுக்கு நியாயம் என்று கூட்டத்தில் எதிர்ப்பு வரும், எனக்குத் தெரியும். போன முறை அந்த நான்கு இடத்தில் நாம் பார்த்ததில் அதிகம் மோட்டார்வேதான்.

கிழக்கேயிருந்து வருகிற வழியில் போர்லாக் மேடு குறுக்கே நிற்கிறது. நான்கடிக்கு ஓரடி ஏறுகிற சாலை, கூடவே கொண்டை ஊசி வளைவு. போன முறை நம் ஓட்டுநர் அதைத் தவிர்த்துப் பார்ன்ஸ்டேபிள் பக்கமாகச் சுற்றி வந்தார், அது சரியான முடிவு. "ஜிபிஎஸ் குறுக்கு வழி காட்டுகிறதே" என்று முன் இருக்கையிலிருந்து அவரைத் தொல்லை செய்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

எல்லாரையும் ஒரே மந்தையாக நடத்திக்கொண்டு போக வேண்டாம். நடக்க முடிந்தவர்கள் நார்த் வாக் வழியாகப் பள்ளத்தாக்குக்குப் போய், உள்சாலை வழியாகத் திரும்பட்டும். சாவகாசமாக நடந்தால் இரண்டு மணி நேரம், உட்கார்ந்து உட்கார்ந்து போனால் மூன்று. கட்டுச்சோற்றை காசில் ராக்குக்கு இந்தப் பக்கம் புல்லில் வைத்துப் பிரிக்கலாம். குப்பையைத் திரும்ப எடுத்து வரப் பை வேண்டும். செருப்பு, குதிக்கால் உயர்ந்த காலணி எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். போன முறை பட்டுச்சேலையோடு வந்த இருவர் என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியைப் பேருந்திலேயே விட்டுவிட வேண்டும். வசந்தத்திலும் முன்கோடையிலும் அந்தச் செங்குத்தில் கடற்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. அவற்றின் வீட்டு வாசலில் போய்ப் பாட்டுப் போட வேண்டாம். கீழே கடலுக்கு இறங்க ஆசைப்படுகிற இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அங்கே இருக்கிற கடலான பிரிஸ்டல் கால்வாயின் ஏற்ற வற்றம் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. மணலாக இருந்த இடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீராகிவிடும்.

நடக்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அவர்களைத்தான் போன முறை நாம் பேருந்திலேயே உட்காரவைத்தோம். லிண்டன் மேலே இருக்கிறது, லின்மவுத் கீழே கடலோரம். இரண்டுக்கும் நடுவே 1890 முதல் ஒரு ரயில் ஓடுகிறது. மின்சாரம் கிடையாது, இன்ஜின் கிடையாது. இரண்டு பெட்டி, ஒரே கம்பிவடத்தின் இரு முனையில். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் 700 கேலன் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி. மேலே நிற்கிற பெட்டியில் ஆற்றுத் தண்ணீர் நிரம்பியிருக்கும். கீழே நிற்கிற பெட்டி தன் தண்ணீரைக் கொட்டும். கொட்டக் கொட்ட அது இலேசாகி, மேல் பெட்டியின் பாரம் அதை இழுத்துக்கொண்டு இறங்க ஆரம்பிக்கும். கிணற்றில் இரண்டு வாளி போட்டு இறைக்கிற கணக்குத்தான். 862 அடி நீளத்தில் 500 அடி உயரம். பத்திரிகை அதிபர் ஜார்ஜ் நியூன்ஸ் பணம் போட்டுக் கட்டிய ரயில் இது. அதற்கு முன்பு கரியும் சுண்ணாம்பும் குதிரை முதுகில்தான் மேலே ஏறின. முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிடச் சுகமான மலையேற்றம் இங்கிலாந்தில் எங்கே கிடைக்கும்? குளிர்காலத்தில் ஓடாது, அதைமட்டும் தேதி போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கினால் லின்மவுத்தில் பத்து நிமிடமாவது நின்று அந்த ஆற்றைப் பாருங்கள். கிழக்கு லின்னும் மேற்கு லின்னும் அங்கே சேருகின்றன. பார்த்தால் சாதுவான ஓடை, கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம் போலிருக்கும். 1952 ஆகஸ்ட் 15 இரவு, எக்ஸ்மூர் மேட்டில் ஒரே நாளில் ஒன்பது அங்குல மழை கொட்டியது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த நிலம், உறிஞ்ச இடமில்லை. மேட்டிலிருந்து பாறையும் மரமுமாக ஆறு ஊருக்குள் வந்தது. 34 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அங்கே அதற்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. உள்ளே வெள்ளத்துக்கு முந்தைய ஊரின் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். என் மகன் அந்த மாதிரியில் இருந்த ஒரு வீட்டைக் காட்டி, வெளியே போய்த் தேடினான். அந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுக்கு அகலமாக வழி விட்டுத்தான் ஊரைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. ஆகஸ்டில் சரிவெல்லாம் ஹெதர் செடி ஊதாவும் கோர்ஸ் புதர் மஞ்சளுமாகப் பூத்து அழகாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் பேருந்து நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை போடுங்கள். பூவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பாதையும் காலியாக இருக்கும். மழை வந்தால்? வரும். மழைச் சட்டை கொண்டு வரச் சொல்லுங்கள். மூட்டம் இறங்கி விளிம்பே தெரியவில்லை என்றால் மட்டும் நடையை விட்டுவிட்டு, எல்லாரும் ரயிலில் ஏறி இறங்கிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வரலாம். அதற்கும் என்னிடம் முணுமுணுப்பு இருக்காது.

முன்னேற்பாடாகப் போய்ப் பார்த்து வர ஆள் வேண்டும் என்றால் என் காரில் இருவருக்கு இடம் உண்டு. பெட்ரோல் என் செலவு. நார்த் வாக்கில் எந்தெந்த இடத்தில் பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று குறித்து, ஒரு தாளில் வரைந்து தருகிறேன்.

மாமியிடம் போன வாரம் பேசினேன். கடல் எங்கே இருந்தது என்று சொன்னேன். பள்ளத்தாக்கின் உள்சாலை காசில் ராக்கின் அடி வரைக்கும் போகிறது, சிறிய கார் அங்கே வரை வரும், அங்கே பாறை விலகிக் கடல் திறக்கிறது, காரிலிருந்து இறங்கிப் பத்தடி வைத்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்தடி என்றால் பத்தடிதானே? நீ சொல்கிற பத்தடி எனக்குத் தெரியும்" என்றார். இருந்தாலும் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆக, எங்கள் வீட்டில் மூன்று, மாமி ஒன்று, நான்கு இருக்கை குறித்துக்கொள்ளுங்கள். மாமிக்கு முன்பக்கம், ஜன்னலோரம்.

அன்புடன்,
போன முறை பட்டியலுக்குக் கை தூக்கிய உறுப்பினர்